பிள்ளைகளின் காவல்: அயலாரும் அறிந்தாரும்

(அரக்கோணத்தில் நம் அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், பெற்றோர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘தீய அந்நியரிடமிருந்து பிள்ளைகளைக் காத்தல்’ என்பதாகும். தலைப்பை மகிழ்ந்து ஏற்றேன். ஏற்கும்போதே, அதிலுள்ள ‘அந்நியர்’ என்னும் சொல்லோடு எனக்குச் சிறிது வழக்கு உண்டு என்பதையும் அவர்களிடம் தெரிவித்தேன். அந்த வழக்கை இன்று உங்கள் முன் வைக்கிறேன். கேட்டு முடித்தபின் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் நாம் வாழும் இவ்வூரை எண்ணிப் பாருங்கள். 1856 ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் ஓடியபோது, அது இவ்வழியாகத்தான் சென்றது. அன்று தொட்டு அரக்கோணம் வழிப்போக்கரின் ஊர். கிழக்கே சென்னை, மேற்கே காட்பாடி, வடக்கே ரேணிகுண்டா, தெற்கே காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டு என நாற்புறமும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு இது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணிக்குச் செல்வோரும், திருப்பதிக்குச் செல்வோரும், மின்சார இரயிலில் நாள்தோறும் சென்னைக்குச் சென்று மீளும் அலுவலரும், ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் பணியாற்ற நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்து தங்கும் குடும்பத்தினரும், கட்டட வேலை தேடி வரும் வடமாநில இளைஞரும் இவ்வூரின் தெருக்களில் நடக்கின்றனர். இங்கு வளரும் ஒரு பிள்ளை ஒரு நாளில் காணும் முகங்களுள் பெரும்பாலானவை அது முன்பின் அறியாத முகங்களே. அப்பிள்ளையிடம் “தெரியாதவரோடு பேசாதே” என்று சொன்னால், அச்சொல்லை அது எப்படிக் கடைப்பிடிக்கும்? பயணச்சீட்டு தருபவர் தெரியாதவர். ஊசி போடும் செவிலியர் தெரியாதவர். பள்ளி திறக்கும் முதல் நாளில் ஆசிரியையும் தெரியாதவர்தாம்.

இந்தப் பாடத்தை நம் வீடுகளில் நெடுங்காலமாக எப்படி நடத்தி வந்தோம்? சோறு உண்ண மறுத்த பிள்ளையைப் பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவதாக மிரட்டினோம். கோணிப்பையைத் தோளில் இட்டுப் பழைய தாள் பொறுக்க வருபவரைச் சுட்டிக்காட்டி, “பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான், உள்ளே வா” என்றோம். ஆற்றில் பாலம் கட்டத் தொடங்கினால், தூணுக்குப் பலியிடப் பிள்ளைகளைத் தேடுகிறார்கள் என்னும் வதந்தி தலைமுறைக்குத் தலைமுறை புதிதாகப் பிறந்தது. இக்கதைகளிலெல்லாம் தீயவன் ஏழையாகவே இருப்பான், அழுக்குடை உடுத்தியிருப்பான், நம் மொழி அவனுக்கு வாராது. வெள்ளை வேட்டி கட்டி, நம் வீட்டுக் கூடத்தில் காப்பி அருந்தியபடி, பிள்ளையை மடியில் இருத்திக் கொஞ்சுபவன் அக்கதைகளில் ஒருநாளும் வந்ததில்லை.

இந்தக் கதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம். 2018ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களை நினைவுகூருங்கள். அப்போது அரக்கோணம் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. இராணிப்பேட்டை மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில்தான். வடமாநிலத்தார் கூட்டங்கூட்டமாக இறங்கியிருக்கின்றனர், பிள்ளைகளைக் கடத்துகின்றனர் என்னும் குரல் பதிவுகளும் படக்காட்சிகளும் வாட்ஸ்அப் வழியாக வேலூர், திருவள்ளூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் வீடு வீடாகப் பரவின. ஊர்களில் இளைஞர்கள் தடியோடு இரவுக் காவல் நின்றனர். வழி தவறி வந்தவர், மனநிலை குன்றித் திரிந்தவர், இந்தி பேசியவர் எனப் பலர் பிடிபட்டு அடியுண்டனர். சிலர் உயிரிழந்தனர்.

மே 9ஆம் நாள் போளூரை அடுத்த அத்திமூரில் நிகழ்ந்ததை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். போளூர் வட்டம் நமக்கு அயலன்று. திருமலையில் நேமிநாதரை வணங்க நாம் செல்லும் வழி அது. இங்குள்ள பலருக்குப் பெண் கொடுத்த, பெண் எடுத்த ஊர்கள் அப்பக்கம் உண்டு. சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினரையும் அழைத்துக்கொண்டு, தம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்தனர். இடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, அங்கு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டிமார் எவரும் செய்யக்கூடியது அது. கண்டவர்கள் பிள்ளை பிடிப்பவர் என்று கூவினர். கைப்பேசி வழியாகச் செய்தி வண்டிக்கு முன்னே ஓடியது. கூட்டம் காரை மறித்தது. மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தோர் கடுங்காயமுற்றனர். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஊர் பேர் அறியாத ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார்.

அடித்தவர் எவரும் கொலைத் தொழில் பழகியவர் அல்லர். பிள்ளைகளைக் காப்பதாக உண்மையாகவே நம்பியவர்கள். “அந்நியர் இனிப்புக் கொடுத்தால் அவர் பிள்ளை பிடிப்பவர்” என்னும் பாடத்தைச் சிறுவயதில் கற்றவர்கள். அப்பாடம் அவர்கள் கையில் கல்லாகவும் கட்டையாகவும் மாறியது. அந்நாளில் அவ்வூரில் கடத்தப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை.

இன்னொரு செய்தியைக் கேட்டால் வியப்பீர்கள். அவ்வாண்டு இந்தியா முழுவதும் பரவிய படக்காட்சிகளுள் ஒன்று, தெருவில் விளையாடும் சிறுவனை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், காணாமற்போகும் பிள்ளைகளுக்காகப் பணியாற்றும் ஓர் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். அதன் இறுதியில் அவ்விருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிள்ளை கடத்தப்பட ஒரு நொடி போதும் என்னும் எச்சரிக்கையைக் காட்டுவர். அந்த இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென எடுத்த படமே கொலைக்குக் கருவியாயிற்று. அதே ஜூலை முதல் நாளில் மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தார் ஐவர் இவ்வாறே கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. நிறுவனத்தின் வரம்பு ஐந்து. நம் குடும்பக் குழுக்களில் எது உண்மை என்று கேளாமல் அனுப்பும் செய்திக்கு நாமே ஒன்று என்றுகூட வரம்பு விதிக்கலாகாதா?

நால்வகைத் தானங்களை நம் பிள்ளைகள் பாடசாலையில் ஒப்பிக்கின்றனர்: ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம். முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் எவை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவர். அபய தானம் என்றால் உயிர்களைக் கொல்லாது விடுதல் என்பர். அதுவும் சரியே. அபயம் என்னும் சொல்லுக்கு அச்சமின்மை என்றே பொருள். வழி கேட்டு வந்த மூதாட்டிக்கு ஊரார் தர வேண்டியிருந்தது அது. நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் தர வேண்டியதும் அதுவே என்பது என் எண்ணம். அச்சமூட்டிக் காப்பது ஒரு முறை. அறிவூட்டி, அச்சம் நீக்கிக் காப்பது மற்றொரு முறை. முதல் முறை எளிது. ஒரு மிரட்டலில் முடிந்துவிடும். ஆனால் பிள்ளையை அது காப்பதில்லை.

காப்பதில்லை என்பதோடு, சில வேளை கொல்லவும் கூடும். 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநில மலைக்காட்டில், சாரணர் முகாமுக்குச் சென்ற 11 வயதுச் சிறுவன் ஒருவன் காணாமற்போனான். நூற்றுக்கணக்கானோர் தேடினர். நான்கு நாள்கள் கழித்து அவன் உயிரோடு கிடைத்தான். தேடி வந்தவர்களை அவன் முன்னரே கண்டிருக்கிறான். கண்டதும் பாதையை விட்டு விலகி மறைந்திருக்கிறான். அந்நியரிடம் போகாதே என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். கீழ்ப்படிதலுள்ள நல்ல பிள்ளை. அந்தக் கீழ்ப்படிதல் அவன் உயிரைப் பறிக்க இருந்தது. அந்நாட்டில் காணாமற்போகும் பிள்ளைகளுக்கான தேசிய மையமே பின்னாளில் ‘அந்நியர் ஆபத்து’ என்னும் பழைய முழக்கத்தைக் கைவிட்டது.

இனி வழக்கின் மறுபக்கத்துக்கு வருவோம். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வோர் இல்லையா? இருக்கின்றனர். யார் அவர்கள்?

கோயம்புத்தூரில் 2010 அக்டோபர் 29ஆம் நாள் காலையில், பள்ளிக்குப் புறப்பட்டு நின்ற 10 வயதுச் சிறுமியும் அவளுடைய 7 வயதுத் தம்பியும் ஒரு வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டனர். பொள்ளாச்சிப் பக்கத்தில் கால்வாயில் தள்ளிக் கொல்லப்பட்டனர். அதற்கு முன் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை இங்கு நான் சொல்லவில்லை, பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். வண்டி ஓட்டி வந்தவன் கோணிப்பைக்காரன் அல்லன். முன்னர் அப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற ஓட்டுநர். தெரிந்த அண்ணன் ஓட்டும் வண்டியில் ஏறுவதற்குப் பிள்ளைகள் ஏன் தயங்கப் போகின்றனர்? உடந்தையாக இருந்தவனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. மரண தண்டனை குறித்து நம் சமயத்தார்க்குத் தனிக் கருத்து உண்டு. அதை வேறொரு மேடையில் பேசலாம். நான் சொல்ல வருவது, “அந்நியரோடு போகாதே” என்னும் பாடம் அக்காலை வேளையில் அப்பிள்ளைகளுக்கு எள்ளளவும் உதவியிருக்காது என்பதே.

இது தனியொரு நிகழ்வன்று. நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு எழுதப்பட்டது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர், சரியாகச் சொன்னால் நூற்றுக்கு 53 பேர், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர். தொல்லை செய்தவருள் பாதிப் பேர் பிள்ளை அறிந்தவர் அல்லது பிள்ளையைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர். பெரும்பாலான பிள்ளைகள் அதை எவரிடமும் சொல்லவேயில்லை. காவல் நிலையம் வரை வரும் வழக்குகளைத் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளோ இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்: உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், பாடம் சொல்பவர்.

இன்னொன்று. அந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் தொல்லைக்கு ஆளானோருள் ஆண் பிள்ளைகளே சற்று மிகுதி. “எனக்கு இரண்டும் பையன்கள், எனக்கென்ன கவலை” என்று சொல்லும் பெற்றோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் இவ்வரங்கின் பின்வாயில் வழியாகப் புறப்பட எண்ணியிருந்தால், தயைகூர்ந்து அமர்க.

அப்படியாயின் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவது? உறவினரையும் அஞ்சு, ஊராரையும் அஞ்சு என்றா? அவ்வாறு சொன்னால் பிள்ளைக்கு உலகில் நிற்க இடமே இராது. நான் சொல்லுவது ஒன்றுதான். ஆளைப் பார்க்கச் சொல்லித் தராதீர்கள். செயலைப் பார்க்கச் சொல்லித் தாருங்கள். நல்லவன் யார், கெட்டவன் யார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஐம்பது வயதான நமக்கே கைகூடாத கலை. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் “இச்செயல் சரியா” என்று காண ஏழு வயதுப் பிள்ளையால் முடியும்.

முதற் செயல், உடன் அழைத்துச் செல்லுதல். “யார் அழைத்தாலும், வீட்டில் சொல்லாமல் போகக் கூடாது.” இதில் ‘யார்’ என்னும் சொல்லுக்கு விலக்கே இல்லை. மாமா அழைத்தாலும், பழைய வேன் ஓட்டுநர் அழைத்தாலும், ஆசிரியர் அழைத்தாலும், “அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை, உடனே வா” என்று எவரேனும் சொன்னாலும் இதுவே விதி. சில குடும்பங்களில் ஒரு மறைசொல் வைத்திருக்கின்றனர். பிள்ளையை அழைத்துவர வேறொருவரை அனுப்ப நேர்ந்தால் அவர் அச்சொல்லைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை அசையாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ‘கடலைமிட்டாய்’ என்பது மறைசொல். ஒருநாள் அலுவலகத்தில் சிக்கிக்கொண்ட தந்தை தம் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பியபோது, மூன்றாம் வகுப்புச் சிறுமி தன் சித்தப்பாவைப் பள்ளி வாயிலிலேயே நிறுத்திச் சொல்லைக் கேட்டாளாம். சித்தப்பாவுக்குச் சிறிது மனவருத்தம். பத்து நிமிடம் தொலைபேசியில் பேசிச் சொல்லைப் பெற்ற பின்னரே அவள் வண்டியில் ஏறினாள். அந்த மனவருத்தத்தை நம் சித்தப்பாமார் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது, தொடுதல். உள்ளாடை மறைக்கும் உடற்பகுதிகளைப் பிறர் பார்ப்பதும் தொடுவதும், தம்முடையதைப் பார்க்கவோ தொடவோ சொல்வதும் கூடாத செயல்கள். நீராட்டும் தாய், அம்மா உடனிருக்கப் பரிசோதிக்கும் மருத்துவர் போன்றோரே இதற்கு விலக்கு. இதைச் சொல்ல நம் வீடுகளில் சொல் இல்லை. கை, கால், மூக்கு, காது என்று பெயர் சொல்லிக் கொடுத்த தாய், ஓரிடத்தில் வந்ததும் வாய் மூடிக்கொள்கிறாள். பெயரற்ற உறுப்புக்கு நேர்ந்ததைப் பிள்ளை எந்தச் சொல்லால் வந்து சொல்லும்? கூச்சம் நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. மூன்று, நான்கு வயதிலேயே குளிப்பாட்டும்போது இயல்பாகச் சொல்லிவிட்டால், மூக்கைப் போலவே அதையும் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

இதையொட்டிப் பெரியோருக்கு ஒரு வேண்டுகோள். விழாக்களிலும் திருமணங்களிலும், “மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு”, “தாத்தா மடியில் போய் உட்கார்” என்று பிள்ளையைத் தள்ளுகிறோம். பிள்ளை பின்வாங்கினால் மரியாதை தெரியாத பிள்ளை என்கிறோம். தன் உடலைத் தொட வருபவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. கைகூப்பி வணங்கச் சொல்லுங்கள். நம் மரபில் அதைவிடச் சிறந்த மரியாதை வேறு இல்லை.

மூன்றாவது, மறைத்தல். “இதை அம்மாவிடம் சொல்லாதே” என்று ஒரு பெரியவர் சொன்னால், அதைத்தான் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். பிறந்தநாள் பரிசை ஒளித்து வைப்பதும் மறைத்தல்தானே என்று ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. பரிசை ஒளித்தால் என்றைக்கு வெளியே வரும் என்று நாள் தெரியும். அது வெளிவரும்போது எல்லோரும் மகிழ்வர். என்றைக்குமே சொல்லக்கூடாது என்பதும், சொன்னால் உனக்கோ உன் அம்மாவுக்கோ தீங்கு வரும் என்பதும் வேறு வகை. பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு நாம் நினைப்பதைவிட விரைவில் விளங்கிவிடுகிறது.

கைப்பேசியில் வரும் ஆபத்தும் இம்மூன்றுக்குள் அடங்கும். விளையாட்டுச் செயலியில் நண்பனாக வந்து, தன்னையும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் என்று சொல்லிக்கொள்பவன் முதலில் கேட்பது ஒரு புகைப்படம். அடுத்துக் கேட்பது, இதை வீட்டில் சொல்லாதே என்பது. ஆளை அறிய வழியே இல்லாத இடம் அது. எனவே அங்கேயும் செயலைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பிடுங்கிவிடுவேன் என்று மட்டும் முன்கூட்டியே மிரட்டி வைக்காதீர்கள். பிடுங்கிவிடுவார்கள் என்னும் அச்சத்தாலேயே பிள்ளைகள் நடந்ததை மறைக்கின்றனர்.

இனி, வழி தவறினால் என்ன செய்வது? நம் ஊர் இரயில் நிலையத்தைக் கொண்டே இதைப் பழக்கலாம். “கூட்டத்தில் என்னைக் காணாவிட்டால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில். நான்தான் உன்னைத் தேடி வருவேன். நெடுநேரம் வராவிட்டால், பிள்ளையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ, பயணச்சீட்டுச் சாளரத்தில் இருப்பவரிடமோ, சீருடை அணிந்த இரயில்வே காவலரிடமோ போய்ச் சொல்.” பாருங்கள், இவர்கள் எல்லோரும் அந்நியரே! அந்நியரிடம் எப்படி உதவி கேட்பது என்பதைத்தான் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டால் போதாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சென்று, நீங்கள் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, பிள்ளையையே போய்த் திருத்தணி வண்டி எந்த நடைமேடையில் வரும் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். நீச்சலைக் கரையில் நின்று சொல்லித் தர முடியாதது போலவே இதுவும். பெற்றோரின் முழுப் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ‘அப்பா’ என்று மட்டும் பெயர் சொல்லும் பிள்ளையை வைத்துக்கொண்டு காவலர் என்ன செய்வார்? பிள்ளைகளுக்கான 1098 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் இயங்கும் எண் அது; பிள்ளையே நேராக அழைக்கலாம்.

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்த பின்னர் எஞ்சுவது நம் பங்கு. ஒரு நாள் பிள்ளை வந்து சொல்கிறது. யாரைப் பற்றிச் சொல்கிறதோ அவர் நம் உறவில் பெரியவர். அந்த ஒரு நிமிடத்தில் நாம் என்ன செய்கிறோம்? “சீ, அவரைப் பற்றி அப்படிப் பேசாதே” என்கிறோம். “நீ ஏன் அங்கே போனாய்” என்கிறோம். வெளியே தெரிந்தால் குடும்ப மானம் என்ன ஆகும் என்று கணக்கிடுகிறோம். நம்முடையது சிறிய சமுதாயம். ஒருவர்க்கொருவர் ஏதோ ஒரு வழியில் சம்பந்தி. இதனால் விளையும் நன்மைகள் பல. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்ளச் செய்யும் ஆற்றலும் இந்த உறவுப் பின்னலுக்கு உண்டு என்பதை நாம்தாம் நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பிள்ளை ஒருமுறைதான் சொல்லும். நம்பப்படாத பிள்ளை மறுமுறை வாய் திறப்பது அரிது. “நீ சொன்னது நல்லது. உன்மேல் தவறு இல்லை. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.” இம்மூன்று சொற்றொடர்களையும் பெற்றோர் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். உள்ளம் பதறும் வேளையில் புதிதாகச் சொல் தேட இயலாது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின்படி, பிள்ளைக்கு இத்தகைய குற்றம் நிகழ்ந்தது என்று அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்; தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். “பேசித் தீர்த்துக்கொள்வோம்” என்று ஊர்ப் பெரியோர் கூடி முடிப்பதற்கு அச்சட்டத்தில் இடமில்லை. காவல் நிலையம் ஏற வேண்டுமே என்று அஞ்சும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் வந்து எழுத வேண்டும். எக்காரணத்தாலும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ செய்தித்தாள் வெளியிடக் கூடாது. இவையெல்லாம் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. தெரிந்து வைத்திருந்தால் கேட்டுப் பெறலாம்.

இனி இன்றைய விழாவுக்கு வருவோம். மாலையில் வீதி உலா. வெளியூர்களிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் கூட்டத்தில் கலந்துவிடுவர். அதற்கென மண்டபத்தின் வாயிலில், செருப்புக் காப்பிடத்துக்கு வலப்புறம், ஒரு மேசை போடப்பட்டுள்ளது. மாதர் சங்கத்தைச் சேர்ந்த இரு தாய்மார் உலா முடியும்வரை அங்கேயே இருப்பர். தவறிய பிள்ளை அங்கு வரலாம். சொல்ல ஏதேனும் உள்ள பிள்ளையும் அங்கு வரலாம். அவர்களைப் பிள்ளைகள் இதற்குமுன் பார்த்ததில்லை. ஆகவே இப்போதே அழைத்துச் சென்று, “தொலைந்துவிட்டால் இந்த அத்தைகளிடம் வா” என்று காட்டிவிடுங்கள். காட்டிய பின் உணவுக்கூடத்துக்குச் செல்லலாம். பொழுது சாய்வதற்குள் பந்தி முடிய வேண்டுமென்று சமையற்குழுவினர் எனக்கு இருமுறை சைகை காட்டிவிட்டனர்.